பேணியில் இருந்ததும் கிணற்றில் கிடந்ததும்: கல்லடி வீடொன்றின் இரண்டு கடேற் சின்னங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில், எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வளவில் இருக்கும் மாமி, 2022 ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டுத் துருப்பிடித்த பால்மாப் பேணி ஒன்றைக் கையில் தந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு துணி முடிச்சுகள். ஒன்றில் பொன் போல மின்னும் பித்தளைச் சின்னம். மற்றதில் கரிக்கட்டி மாதிரிக் கறுத்துப்போன இன்னொன்று.

“ரெண்டும் அப்பாட பட்ஜ் மனே. பள்ளிக்கூடத்தில கடேற்றில இருந்த நேரம் குடுத்தது. நீ இதுகள சேக்கிறாய் எண்டு சொன்னாங்க. பாத்துச் சொல்லு, எந்தக் காலத்துச் சாமான் எண்டு.”

பள்ளிக்கூடத்து மாணவர் படையான கடேற்றின் சின்னங்களையும் பழைய இலங்கைப் படைகளின் தொப்பிச் சின்னங்களையும் பத்து வருடத்துக்கு மேலாகத் தேடிச் சேர்த்து வருகிறேன். கொழும்பிலோ கண்டியிலோ இருப்பவருக்குப் பழம்பொருள் கடை இருக்கிறது, பழைய மாணவர்களின் அலுமாரிகள் இருக்கின்றன. மட்டக்களப்பில் அப்படியில்லை. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி கூரையோடு றங்குப்பெட்டிகளையும் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26 கடல் உள்ளே வந்தது. இரண்டுக்கும் நடுவில் யுத்தம். காக்கித் துணித் துண்டு ஒன்றோ, அரச முடி பொறித்த பித்தளை ஒன்றோ வீட்டில் கிடந்தால், தேட வருகிறவர் எவராக இருந்தாலும் கேள்வி வரும் என்ற பயம். அந்தப் பயத்தில் சனம் எரித்தது, புதைத்தது, வாவியில் எறிந்தது. அதனால் இங்கே ஒரு சின்னம் தப்பியிருந்தால், அது எப்படித் தப்பியது என்ற கதையும் கூடவே இருக்கும். கதையை விட்டுவிட்டுப் பித்தளையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

இந்த இரண்டு சின்னங்களையும் ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆராய்ந்தேன். முதலில் நான் எழுதிவைத்த குறிப்பு பிழையாகப் போனது. அது எப்படிப் பிழைத்தது, எது அதைத் திருத்தியது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் குறிப்பு

அன்றிரவே பதிவுத்தாளில் இப்படி எழுதினேன்: “இரண்டு கடேற் தொப்பிச் சின்னங்கள். ஒரே உரிமையாளர். 1930களின் இறுதி. மட்டக்களப்பு நகரப் பாடசாலை.” மாமியின் அப்பா 1921இல் பிறந்தவர். 1940 அளவில் படிப்பை முடித்தார். நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நீண்ட காலம் மாஸ்டராக இருந்து 1983இல் காலமானார். பள்ளிக்கூட நாளில் கொடுத்தது என்று மகளே சொல்கிறார். வேறென்ன சந்தேகம் வரப்போகிறது என்று அப்போது நினைத்தேன்.

கடேற் இயக்கத்தின் பழைய வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், காலம் கணிக்க அது தேவை. இலங்கையில் பள்ளிக்கூட கடேற் படை 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் அதிபர் ஜோன் கல் தொடங்கியது. அதே வருடம் உருவான இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர்களோடு அது இணைக்கப்பட்டது. மற்றப் பள்ளிக்கூடங்களும் சேரச் சேர, 1902இல் கடேற்றுகளுக்கென்று தனிப் பட்டாலியன் வந்தது. 1910இல் தொண்டர் படைகள் இலங்கைப் பாதுகாப்புப் படை என்ற பெயருக்கு மாறின. சுதந்திரத்துக்குப் பிறகு, 1949 ஒக்டோபர் 10இல் இலங்கை இராணுவம் நிறுவப்பட்டது. 1972 மே 22இல் நாடு குடியரசானதும் சின்னங்களிலிருந்து பிரித்தானிய முடி போய்விட்டது. 1988இல் தேசிய மாணவர் படையணி தனி அமைப்பானது. இந்த ஒவ்வொரு திருப்பத்திலும் பட்ஜில் ஏதோ ஒன்று மாறியிருக்கும்: பெயர், எழுத்து, முடி, உலோகம், பின்னால் உள்ள கொளுவி. சேகரிப்பவருக்கு இவையே நாட்காட்டி.

முடி சொன்னது

மறுநாள் காலை வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மின்னும் சின்னத்தை இனி ‘பேணிச் சின்னம்’ என்கிறேன், கறுத்ததைக் ‘கிணற்றுச் சின்னம்’ என்கிறேன். ஏன் கிணறு என்பது பிறகு வரும்.

பேணிச் சின்னத்தின் முன்பக்கம் ஏறக்குறைய வழுவழு என்றிருந்தது. நடுவில் என்ன உருவம் என்றே சொல்ல முடியாத அளவுக்குத் தேய்வு. கீழ்நாடாவில் ‘சிலோன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன. ஆனால் மேலே இருந்த முடியின் வெளிக்கோடு தேயவில்லை. அதன் வளைவுகள் இரண்டு பக்கமிருந்தும் ஏறி, உச்சியில் ஒரு குவிமாடம் போல உருண்டு சேர்ந்தன. இதைச் சேகரிப்பவர்கள் ‘ராஜா முடி’ என்பார்கள். விக்டோரியா மகாராணி 1901இல் இறந்த பிறகு வந்த வடிவம் இது. ஆறாம் ஜோர்ஜ் 1952 பெப்ரவரியில் இறக்கும் வரை, நான்கு மன்னர்களின் காலத்தில் இதுதான் இருந்தது.

கிணற்றுச் சின்னத்தின் முடி அப்படியில்லை. அதன் வளைவுகள் உச்சிக்குப் போகும் இடத்தில் நடுவில் பள்ளமாக இறங்குகின்றன. வில்லை மேலிருந்து அழுத்தினால் வரும் தொய்வு போல. இது ‘ராணி முடி’. இரண்டாம் எலிசபெத் ஆட்சிக்கு வந்தபின் தெரிவுசெய்யப்பட்டது. 1953 ஜூன் 2இல் முடிசூட்டு விழா நடந்த காலத்திலிருந்து படைச் சின்னங்களில் மெதுவாகப் பரவியது.

1940இல் படிப்பை முடித்த பையனிடம் 1952க்குப் பிறகு அடித்த சின்னம் இருக்க வழியில்லை. என் பதிவுத்தாள் ஒரே நாளில் பாதி பிழையானது.

முடியை வைத்துக் காலம் கணிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராணி முடி இருந்தால் அது 1952க்கு முந்தியது அல்ல என்று துணிந்து சொல்லலாம். ராஜா முடி இருந்தால் அது 1952க்கு முன் அடித்தது என்று சொல்லலாம், ஆனால் 1952க்கு முன்தான் அணியப்பட்டது என்று சொல்ல முடியாது. களஞ்சியத்தில் இருந்த பழையது முடியும் வரை அதைத்தான் கொடுப்பார்கள். பள்ளிக்கூடங்களில் இது இன்னும் நீளும். ஒரு கடேற் விலகும்போது தொப்பியையும் பட்ஜையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்த பையன் அதையே குத்திக்கொள்வான்.

இந்த இடத்தில் வேறொரு சம்பவம். சில வருடங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் நாலு பித்தளைப் பொத்தான்கள் கொண்டுவந்தார். கயிறு முறுக்கிய விளிம்பு, நடுவில் கயிறு சுற்றிய நங்கூரம், மேலே முடி. பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளின் பொத்தான். “ஹேர்மிஸ் கப்பலில எடுத்தது” என்றார். ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் எங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 307 பேர் அதில் இறந்தார்கள். துணைக்கு வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் அன்றுதான் மூழ்கியது. அவர் காட்டிய பொத்தான்களில் இருந்ததோ ராணி முடி. 1942இல் மூழ்கிய கப்பலுக்குள் அது எப்படிப் போயிருக்கும்? எண்பது வருடம் உப்புத்தண்ணீரில் கிடந்த அரிப்பும் அவற்றில் இல்லை. அவர் ஏமாற்ற வந்தவர் என்று நான் நினைக்கவில்லை, அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். உண்மையாகவே அந்தக் கப்பலிலிருந்து வந்திருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். அது அத்தனை பேரின் சவக்காலை. சவக்காலையிலிருந்து சேகரிக்கக் கூடாது.

கிணறு

சரி, மாமியின் வீட்டுக்கு வருவோம். இரண்டாம் தடவை போனபோது, ஏன் ஒன்று மின்னுகிறது, ஒன்று கறுத்துக் கிடக்கிறது என்று கேட்டேன். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

“அது கிணத்துக்க கிடந்தது மனே. தொண்ணூறாம் ஆண்டு பிரச்சினை துவங்கினதோட அம்மா அப்பாட காக்கிச் சட்டை, பெல்ட், பட்ஜ் எல்லாத்தையும் ஒரு சீலைத் துண்டில முடிஞ்சி கிணத்துக்க போட்டுட்டா. அப்பா செத்து ஏழு வருசம். அவர்ட சாமான் எண்டு அதுகள்தான் இரிந்த. போட்டுட்டு மூணு நாள் சாப்பிடல்ல.”

சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. 2005இல் ஊர் ஊராக மெசின் வைத்து இறைத்துச் சேறு அள்ளினார்கள். மாமி வீட்டுக் கிணற்றின் அடிச்சேற்றில் பெல்ட்டின் பித்தளைக் கொளுவி ஒன்றும், இந்தச் சின்னமும் வந்தன. துணியும் தோலும் இல்லை. கொளுவியைச் சேறு அள்ள வந்த பையன்களில் ஒருவன் கேட்டான் என்று கொடுத்துவிட்டார். சின்னத்தை மட்டும் பேணிக்குள் போட்டு வைத்தார்.

பதினைந்து வருடம் சேற்றுக்குள் கிடந்த பித்தளை அழிந்து போயிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம். உண்மையில் நடந்தது மறுபக்கம். காற்றுப்படாத அடிச்சேற்றில் ஒட்சிசன் மிகக் குறைவு. அங்கே பித்தளையின் மேல் கறுப்புச் சல்பைட்டுப் படலம் படியும், படிந்த பிறகு அரிப்பு மெதுவாகிவிடும். அந்தக் கறுப்புத் தோலுக்கு அடியில் கிணற்றுச் சின்னத்தின் ஒவ்வொரு கோடும் கூராக இருந்தது. பின்பக்கத்தில் செய்த கம்பனியின் பெயர்கூட வாசிக்கக்கூடியதாக இருந்தது: பேர்மிங்ஹாம் நகரத்தின் கோண்ட் நிறுவனம். பிரித்தானியப் பேரரசு முழுவதுக்கும் பட்ஜும் பொத்தானும் அடித்துக் கொடுத்த பெரிய நிறுவனங்களில் அது ஒன்று.

பேணிச் சின்னத்தை அழித்தது அன்பு. தைப்பொங்கலுக்குக் குத்துவிளக்குத் துலக்கும்போது இதையும் சேர்த்துப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். ஐம்பது, அறுபது பொங்கல். பிற்காலத்தில் பிறாசோ என்ற துலக்கும் திரவம். சாம்பல் அரத்தைப் போல உராயும். புளியின் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பை மேலே விட்டுவிடும், அதனால் பள்ளமான இடங்கள் ரோசா நிறமாக மாறும். பேணிச் சின்னத்தின் ஓரங்களில் அந்த ரோசா நிறம் தெளிவாகத் தெரிந்தது. மாமியிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்தார். பிறகு, “பாசத்தோட தேச்சதுதான” என்றார்.

பின்பக்கம்

புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பி, “இது அசலா?” என்று கேட்பார்கள். என்னால் பதில் சொல்ல முடியாது. பொய் செய்கிறவர் முன்பக்கத்தில்தான் கவனம் வைப்பார். பின்பக்கத்தைக் காட்டினால் பாதிச் சோலி முடிந்தது.

அசல் சின்னங்களில் பெரும்பாலானவை பித்தளைத் தகட்டை எஃகு அச்சில் வைத்து அடித்தவை. அடிக்கும்போது முன்னால் மேடாகும் உருவம் பின்னால் குழியாகும். முகம் மேடு, முதுகு பள்ளம். பிரதி செய்கிறவர்கள் அனேகமாக அசலை மண்ணில் பதித்து உருக்கி வார்ப்பார்கள். வார்ப்பில் முதுகு தட்டையாகவோ மொத்தையாகவோ இருக்கும், சின்னச் சின்ன ஊசித் துளைகள் தெரியும், ஓரங்கள் சவர்க்காரம் கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் ஒரு மயிரிழை குறையும். இன்னொரு வகை மோசடியும் உண்டு. பழைய அச்சுகள் கைமாறி, அவற்றிலேயே புதிதாக அடித்து விற்பது. அங்கே முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் சரியாக இருக்கும், கொளுவியும் அதன் பற்றவைப்பும் மட்டும் புதிதாக இருக்கும். கோண்ட் பெயரைப் பொய்ப் பிரதிகளிலும் தாராளமாகப் பொறித்திருக்கிறார்கள், ஆகவே பெயரைக் கண்டதும் நம்பிவிடக் கூடாது.

கிணற்றுச் சின்னத்தின் பின்னால் செம்புக் கம்பியில் செய்த இரண்டு காதுகள். தொப்பித் துணிக்குள்ளால் அவற்றை நுழைத்துப் பின்னால் பிளவூசி போட்டு இறுக்குவார்கள். ஒரு காதில் பிளவூசியின் துருக்கறை இன்னும் இருந்தது, அதாவது தொப்பியோடேயே கிணற்றுக்குள் போயிருக்கிறது. உலோகம் பித்தளைதானா என்று பார்க்கத் தெரிந்த நகைக்கடைக்காரரிடம் போனேன். அவருடைய தராசில் 18.7 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 16.5 கிராம். வித்தியாசம் 2.2, அது சின்னம் ஒதுக்கிய தண்ணீரின் நிறை. 18.7ஐ 2.2ஆல் பிரித்தால் 8.5 வரும், அது பித்தளையின் அடர்த்தி. 1950களில் படைகளுக்குப் பித்தளை போல மினுங்கும், துலக்கத் தேவையில்லாத அலுமினியச் சின்னங்கள் வரத் தொடங்கின. அவற்றை இப்படி நிறுத்தால் 2.7 அளவில்தான் நிற்கும். ஆக இது ராணி முடி வந்த பிறகு பித்தளையில் அடித்தது, 1972க்கு முந்தியது.

பேணிச் சின்னத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் இந்த ஆய்வே வேறு பக்கம் திரும்பியது. முதுகின் கீழ்ப்பாதியில் காதுகள் இல்லை. அவை அறுக்கப்பட்டு, குறுக்கே ஒரு உருக்கு ஊசி ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஈயம் தாராளமாக ஓடியிருந்தது. ஊர்த் தட்டார் ஒருவரின் கைவேலை. பட்ஜ் சாரிக் குத்தூசியாக மாற்றப்பட்டிருந்தது.

“அது அம்மாட குத்தூசிதான” என்றார் மாமி, எனக்கு ஏன் இவ்வளவு ஆச்சரியம் என்று விளங்காமல். “கலியாணம் முடிச்ச புதுசில அப்பா செய்விச்சிக் குடுத்தவராம். அம்மா படிப்பிக்கப் போகக்குள்ள தோள்ல குத்திக்கொண்டுதான் போறவ.”

முதலாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் போர்வீரர்கள் தங்கள் படைச் சின்னத்தைக் குத்தூசியாகச் செய்வித்துத் தாய்க்கும் மனைவிக்கும் காதலிக்கும் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அதைச் சேகரிப்பவர்கள் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் ஒரு மாஸ்டர் அதைக் கேள்விப்பட்டுச் செய்தாரோ, தனக்குத் தானாகவே தோன்றியதோ தெரியாது. ஆனால் 1990இல் மாமியின் அம்மா எல்லாவற்றையும் கிணற்றுக்குள் போட்டபோது இது மட்டும் ஏன் தப்பியது என்பதற்கு அந்த ஊசிதான் பதில். அவரின் கண்ணுக்கு அது படைச் சாமான் அல்ல, நகை. நகையை யாரும் கிணற்றில் போடுவதில்லை.

யாருடைய தொப்பி

ராணி முடி எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்ற கேள்வி மட்டும் நின்றது. மாமியின் தம்பி கனடாவில் இருக்கிறார். அவரோடு வட்ஸ்அப்பில் கதைத்தேன். சூறாவளியில் வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விட்டாலும் சித்தப்பா வீட்டில் ஒரு அல்பம் தப்பியது, அதை அவர் ஸ்கான் செய்து வைத்திருந்தார். இரண்டு வாரத்தில் மூன்று படங்கள் வந்தன.

ஒன்று, காக்கி அரைக்காற்சட்டையும் தொப்பியுமாக வரிசையில் நிற்கும் பையன்கள். பின்னால் மலைச்சரிவும் சவுக்கு மரங்களும் தெரிகின்றன. மட்டக்களப்பில் மலை இல்லை. மாமியின் தம்பிக்குக் காரணம் தெரிந்திருந்தது. அப்பா மேல்வகுப்புகளை மலைநாட்டில் விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில்தான் படித்தார். விடுகைப் பத்திரமும் இருந்தது, 1936 முதல் 1940 வரை. ஆக ராஜா முடிச் சின்னம் அவருடைய மாணவப் பருவத்தது என்று மாமி சொன்னது சரி. அது மட்டக்களப்புப் பள்ளிக்கூடத்துச் சின்னம் என்று நான் எழுதியது பிழை. அதை மாமி சொல்லவே இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. கிழக்கில் ஒரு பொருள் கிடைத்தால் அது கிழக்கினது என்று நம்ப ஆசைப்படுகிறோம். அந்த ஆசையைக் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும்.

இரண்டாம் படத்தில் நடுவில் கதிரையில் இருப்பவர் மாஸ்டர், சீருடையில். சுற்றிவர கடேற்றுகள். படத்தின் பின்னால் பேனையால் ‘தியத்தலாவ 1958’ என்று எழுதியிருக்கிறது. பள்ளிக்கூட கடேற்றுகளின் ஆண்டுப் பயிற்சி முகாம் அந்தக் காலத்தில் தியத்தலாவையில்தான் நடந்தது. சிரேஷ்ட அணிகள் ஹேர்மன் லூஸ் கிண்ணத்துக்குப் போட்டியிடும். அந்தப் பயணத்தைப் பற்றி அவரிடம் படித்த எண்பது வயது தாண்டிய ஒரு சேர் எனக்கு விவரித்தார். செங்கலடியில் திரும்பி, மகா ஓயா, பிபிலை, பதுளை என்று லொறியில் ஏறிப் போவார்களாம். காலையில் அங்கே குளிரில் விரல் மரத்துப் பட்ஜ் துலக்க முடியாமல் அழுத பையன்களும் இருந்தார்களாம். “மாஸ்டர் ஒண்டும் பேசமாட்டார் தம்பி. தன்ர கையால எங்கட பட்ஜ துலக்கித் தருவார்” என்றார். மாணவனாகச் சின்னம் குத்தியவர், பதினெட்டு வருடம் கழித்து கடேற் பொறுப்பாசிரியராகத் திரும்பியும் குத்தியிருக்கிறார். கிணற்றுச் சின்னம் அந்த இரண்டாம் காலத்தது.

மூன்றாவது படம் ஒரு கலியாண வீடு. மாமியின் அம்மா இடது தோளில் குத்தூசியோடு நிற்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் குத்தூசியின் ராஜா முடி தெரிகிறது. நாடு, ராஜா, படை என்று எதுவும் அந்த முகத்தில் இல்லை. புருசன் தந்த ஒரு மினுங்கும் பொருள், அவ்வளவுதான்.

ஊசியைக் கழற்றுவதா

பேணிச் சின்னத்தின் முன்முகம் தேய்ந்துவிட்டது என்று சொன்னேன். அச்சில் அடித்த சின்னமாதலால் முன்னால் தேய்ந்த உருவம் பின்குழியில் இன்னும் இருக்க வேண்டும். முதுகைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து, படத்தைக் கண்ணாடி போல இடவலம் மாற்றிப் பார்த்தேன். மேல்பாதியில் தென்னோலைகள். அதன் கீழ் ஒரு வளைவு, யானையின் முதுகு. யானையும் தென்னையும் பிரித்தானியர் கால இலங்கையின் இலச்சினையில் இருந்தவை, ஆகவே அந்த உருவம் நாட்டைத்தான் சொல்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடிய எழுத்தோ எண்ணோ கீழ்ப்பாதியில் இருந்தால், அது ஈயத்துக்கு அடியில் இருக்கிறது.

ஈயத்தை உருக்குவது பெரிய வேலை அல்ல. சின்னச் சூட்டுக்கே இளகிவிடும். ஒரு கிழமை முழுக்க அதையே யோசித்தேன். தொலைவில் இருக்கும் சேகரிப்பு நண்பர் ஒருவர், “பின்னால காது இல்லாத பட்ஜுக்கு மதிப்பு இல்ல. ஊசியக் கழட்டி, புதுக் காது வச்சிடுங்க” என்றார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கடேற் பையனின் தொப்பியில் அது இருந்தது நான்கு வருடம். மனைவியின் தோளில் இருந்தது நாற்பது வருடத்துக்கு மேல். அந்த ஊசி இல்லாவிட்டால் 1990இல் கிணற்றுக்குள் போயிருக்கும். நான் தேடுகிற எழுத்து அந்த ஈயத்துக்கு அடியில் இருந்தாலும், ஈயமும் இந்தப் பொருளின் வரலாறுதான். கழற்றவில்லை.

கிணற்றுச் சின்னத்தின் கறுப்பையும் எடுக்கவில்லை. மாமிக்குத்தான் அது கவலை. “கொஞ்சம் புளி போட்டாப் பளபளண்டு வருமே” என்று இரண்டு தடவை கேட்டார். காய்ந்த சேற்றைக் காய்ச்சி வடித்த நீரில் மென்மையான தூரிகையால் தட்டி எடுத்தேன், பலமுறை கழுவி உலர்த்தினேன். கழுவியது முக்கியம், ஏனென்றால் சுனாமித் தண்ணீரின் உப்பும் அந்தச் சேற்றில் இருந்தது. உப்பிலுள்ள குளோரைட்டு ஈரக்காற்றோடு சேர்ந்தால் உலோகத்தை உள்ளிருந்து தின்னும். வெளிறிய பச்சைப் பொடி உதிரத் தொடங்கினால் அதுதான் அறிகுறி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் இது ஓயாத தொல்லை.

இங்கே சேகரிக்கிறவர்களுக்காக நான் செய்வதைச் சொல்கிறேன். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதி போட்டு, மாதத்துக்கு ஒருமுறை அதை உலர்த்தி வைக்கிறேன். அமிலமில்லாத தாளில் சுற்றுகிறேன். மலிவான பிவிசி உறைகளும், பலகைப் பெட்டியும், இறப்பர் வளையமும் வேண்டாம், மூன்றும் ஆவி விட்டுப் பித்தளையைக் கெடுக்கும். வியர்வைக் கையால் தொட வேண்டாம், கைரேகையே பொறித்துவிடும். இரண்டு பொருளை ஒன்றோடொன்று உரசும்படி ஒரே பொதியில் வைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. எங்கள் பகுதியில் இதைச் சேகரிப்பவர் காகிதமும் வைத்திருக்க வேண்டும். இன்று பயன்பாட்டில் உள்ள இராணுவச் சின்னங்களையும் உடைகளையும் நான் வாங்குவதும் இல்லை, பரிசாக ஏற்பதும் இல்லை. அவற்றை அணிந்து படைவீரர் போலத் தோன்றுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். யுத்த காலத்துச் சின்னங்களை, எந்தப் பக்கத்தினது என்றாலும், தொடுவதில்லை. அவை இன்னும் ஆறாத காயங்கள், எவருடைய பெட்டியிலும் அலங்காரமாக இருக்கத் தக்கவை அல்ல. 1972க்கு முந்திய கடேற் பொருட்கள், அவற்றைத் தந்த குடும்பத்தின் கையெழுத்திட்ட கடிதம், எப்படிக் கிடைத்தது என்ற குறிப்பு. மூன்றும் ஒரே கோவையில்.

மாமியின் சின்னங்களை நான் வாங்கவில்லை. குத்தூசி மாமியின் அலுமாரியிலேயே இருக்கிறது. வருகிற தையில் துலக்குவதில்லை என்று சம்மதித்திருக்கிறார். பேத்தி அதைப் பாட்டியின் பாட்டியினது என்று தவறாகச் சொல்லித் திரிகிறாள், அதைத் திருத்த மாமிக்கு மனமில்லை. கிணற்றுச் சின்னம் கடிதத்தோடு என் பொறுப்பில், கறுப்பாகவே. பதிவுத்தாளில் பழைய குறிப்பை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, கீழே எழுதினேன்: “ஒன்று: ராஜா முடி, 1952க்கு முன் அடித்தது. 1936–1940 மலைநாட்டு விடுதிப் பள்ளிக்கூடம் (குடும்பத்தார் சொன்னது, விடுகைப் பத்திரம், படம்). பின்னர் குத்தூசி. இரண்டு: ராணி முடி, பித்தளை. கடேற் பொறுப்பாசிரியராக அணிந்தது, 1958 படம். 1990 கிணற்றில், 2005 வெளியில்.”

சேற்றோடு வந்த அந்தப் பெல்ட் கொளுவி யார் கையில் இருக்கிறது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அன்று கிணறு இறைக்க வந்த பையன்கள் டச்பார்ப் பக்கத்தவர்கள் என்று மாமி சொல்கிறார். அவர்களுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும்.